மருந்து போடுமுன் எண்ணிப் பாருங்கள்



அண்மையில் படிவம் நான்கு மாணவர்களின் தேர்வுத்தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தேன். ஒரு கேள்வி இப்படி இருந்தது: விவசாயி ஒருவரின் நிலத்தில் உருளைக்கிழங்குச் செடிகள் திட்டுத் திட்டாக வாடி நிற்கின்றன. வேரில் மிகச் சிறிய புழுக்கள் தெரிகின்றன. அவர் என்ன செய்யலாம்? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எழுதிய விடை இரண்டே சொற்கள்: ‘குனா ராச்சுன்’. நஞ்சைப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான். விடைத்திட்டத்தில் அதற்குப் புள்ளி உண்டு. நானும் கொடுத்துவிட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. இந்த வாரம் அந்த விடையோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். மலாய்மொழியில் ‘ராச்சுன்’ என்று ஒளிவுமறைவு இல்லாமல் நஞ்சு என்றே சொல்கிறார்கள். அதே பொருளை நாம் வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? ‘மருந்து அடிக்கிறது’, ‘மருந்து போடுறது’. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, களைக்கும் புழுவுக்கும் போடுவதும் மருந்து. என் பாட்டி தோட்டத்தில் பல ஆண்டுகள் களைக்கு ‘மருந்து’ அடித்தவர். பம்பை முதுகில் சுமந்து, கையுறை இல்லாமல் வேலை செய்திருக்கிறார். அவருடைய கைந்நகங்கள் கறுத்து வெடித்திருந்ததை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். கேட்டால், “மருந்து பட்டதுதானே, ஒண்ணும் இல்ல” என்பார். அந்தச் சொல் நம்மை எவ்வளவு அசட்டையாக இருக்க வைக்கிறது, பாருங்கள்.

சரி, தேர்வுத்தாளில் வந்த அந்தப் புழுவுக்கு வருவோம்.

அதன் பெயர் நூற்புழு. நூல் போல மெலிந்து நீண்டிருப்பதால் அந்தப் பெயர். உங்கள் அடிக்கோலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பாருங்கள். உருளைக்கிழங்கைத் தாக்கும் இளம்புழு அதில் பாதிதான் இருக்கும். இது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் உருளைக்கிழங்கோடு சேர்ந்தே தோன்றி, கிழங்கோடு சேர்ந்தே உலகம் முழுவதும் போன பூச்சி. இளம்புழு வேருக்குள் புகுந்து, வாயில் உள்ள ஊசி போன்ற உறுப்பால் செல்களைக் குத்தி, அவற்றைத் தனக்குச் சோறு ஊட்டும் செல்களாக மாற்றிவிடுகிறது. பெண்புழு அங்கேயே இருந்து தின்று உருண்டையாகப் பருத்து, வேரின் தோலைப் பிளந்துகொண்டு வெளியே தெரியும். ஓர் இனத்தில் அது பொன்னிறமாக இருப்பதால் ‘தங்க நூற்புழு’ என்று அழகான பெயரும் வைத்திருக்கிறார்கள்.

பெண்புழு இறந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அதன் தோல் இறுகிக் கறுத்து, குண்டூசித் தலையை விடச் சிறிய ஒரு பெட்டகமாகிவிடும். இதை முட்டைக்கூடு என்கிறோம். உள்ளே ஏறத்தாழ 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். வெயில், மழை, உழவு எதற்கும் அசையாமல் இந்த முட்டைகள் மண்ணில் 20 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு காத்திருக்கக்கூடியவை. எதற்காகக் காத்திருக்கின்றன என்று கேட்பீர்கள். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் சில வேதிப்பொருள்கள் மண்நீரில் கரைந்து வந்து முட்டையைத் தொட வேண்டும். அந்த மணம் பட்டதும் முட்டைகள் பொரிகின்றன. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! இரை வந்துவிட்டது என்ற செய்தி கிடைக்காமல் பெரும்பாலானவை வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை.

தமிழர்கள் வாழும் ஒரு மலையில் இந்தக் கதை நடந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டு, தமிழ்நாட்டின் நீலகிரியில், உதகமண்டலத்துக்கு அருகே உள்ள விஜயநகரம் பண்ணையில், எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நூற்புழு ஆய்வாளர் இந்த முட்டைக்கூடுகளைக் கண்டார். இந்தியாவில் அதுவே முதல் முறை. நீலகிரியில் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று ஆண்டுக்கு மூன்று போகம் உருளைக்கிழங்கு பயிரிட முடியும். கிழங்கு பயிரிட்ட மண்ணிலேயே திரும்பத் திரும்பக் கிழங்கு. நூற்புழுவுக்கு இதைவிட நல்ல விருந்து வேண்டுமா? செடிகள் திட்டுத் திட்டாக மஞ்சளாகி, நண்பகலில் துவண்டு, தோண்டிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவுக்குக் கிழங்கு. உரம் போதவில்லை என்றோ தண்ணீர் போதவில்லை என்றோதான் யாருக்கும் முதலில் தோன்றும். புழு கண்ணுக்குத் தெரிவதில்லையே.

அங்கே நெடுங்காலம் சிபாரிசு செய்யப்பட்ட வைத்தியங்களில் ஒன்று கார்போஃபியூரான் குருணை. நடும்போது சாலில் தூவுவார்கள். ஒரு ஹெக்டேருக்கு 2 கிலோ நஞ்சு என்ற கணக்கு. குருணையில் 3 விழுக்காடுதான் நஞ்சு. ஆகவே 67 கிலோ குருணை தேவைப்படும். இது உங்களுக்குத் தெரிந்த விழுக்காட்டுக் கணக்குதான். இப்போது நான் ஒரு கணக்குக் கொடுக்கிறேன். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 1,500 கன மீட்டர் மண். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 1.3 டன். பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 2,000 டன் மண்! அரை மில்லிமீட்டர் புழுவைத் தேடி 2,000 டன் மண்ணுக்குள் 2 கிலோ நஞ்சை அனுப்புகிறோம். வேருக்குப் பக்கத்தில் எவ்வளவு போய்ச் சேரும், மற்ற இடங்களில் எவ்வளவு தங்கும் என்று யோசியுங்கள்.

அந்த நஞ்சு என்ன செய்கிறது? உயிரியல் பாடத்தில் நரம்பிணைப்பு படித்திருப்பீர்கள். ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்கோ தசைக்கோ செய்தி கொண்டுபோகும் பொருள்களில் ஒன்று அசிட்டைல்கோலின். செய்தி போய்ச் சேர்ந்ததும் அதைச் சிதைத்து இடத்தைத் துப்புரவாக்க ஒரு நொதி இருக்கிறது. கார்போஃபியூரான் போன்ற கார்பமேட் நஞ்சுகள் அந்த நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. சுவிட்சைப் போட்டுவிட்டு அணைக்க முடியாத நிலை. புழுவின் உடல் முறுக்கிக்கொண்டு, வேர் இருக்கும் திசை தெரியாமல் கிடக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே நொதி மண்புழுவுக்கும் இருக்கிறது, பறவைக்கும் இருக்கிறது, குருணையைத் தூவும் அந்த அம்மாவுக்கும் இருக்கிறது. சிறு பறவை ஒன்று தானியம் என்று நினைத்து ஒரே ஒரு கார்போஃபியூரான் குருணையைக் கொத்தினாலும் செத்துப்போகும். நம் நாட்டில் இந்த நஞ்சு 2023-இல் தடை செய்யப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவு.

“டீச்சர், ஆபத்தானதுதான். ஆனால் புழு ஒழிந்துவிடுமே?” என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். நான் அதிகம் பேச விரும்பும் இடம் இதுதான். புழு ஒழிவதில்லை.

இந்த வகை நஞ்சு பெரும்பாலும் புழுவைக் கொல்வதைவிட மயக்கிப் போடுகிறது. அதன் வேலை சில வாரங்கள்தான். முட்டைக்கூட்டுக்குள் இருக்கும் முட்டைகளை அது அதிகம் தொடுவதே இல்லை. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு பிடி மண்ணில் 100 இளம்புழுக்கள் இருக்கின்றன. நஞ்சு போடாத நிலத்தில் நூறும் வேருக்குள் நுழைகின்றன. வேர் நொந்து போகிறது, சாப்பாடு பற்றவில்லை. சாப்பாடு பற்றாத இடத்தில் இந்தப் புழுக்களில் நிறைய ஆண்களாகிவிடும். இது நூற்புழுவின் வினோதமான குணம். ஆகவே ஒரு புழுவுக்குச் சராசரியாக 5 என்று பெருகி, அறுவடையின்போது 500 இருக்கட்டும். நஞ்சு போட்ட நிலத்தில் 80 புழுக்கள் தடுக்கப்பட்டு 20 மட்டும் நுழைகின்றன. வேர் கொழுகொழுவென்று இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, பெண்புழுக்கள் நிறைய. ஒரு புழுவுக்கு 20 என்று பெருகினால் 400. இப்போது 500-ஐயும் 400-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடங்கியது 100-இல்!

விவசாயிக்குக் கிழங்கு நன்றாக விளைந்தது. அதே வேர்களில் புழுவும் நன்றாக விளைந்தது. அடுத்த போகத்துக்கு அவர் மறுபடியும் குருணை வாங்க வேண்டும். அதற்கடுத்த போகமும்தான். இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஒரே நஞ்சை ஒரே நிலத்தில் திரும்பத் திரும்பப் போட்டால், அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் அந்த மண்ணில் பெருகிவிடுகின்றன. முன்பு பல வாரம் வேலை செய்த குருணை பிறகு சில நாளில் சிதைந்துபோகும். விவசாயி கடைக்காரரைத் திட்டுவார், ‘சரக்கு சரியில்லை’ என்பார். சரக்கு பழையபடிதான் இருக்கும். மாறியிருப்பது மண்.

குருணைக்கு முன்னால் வந்தவை புகைநஞ்சுகள். 1940-களில் ஹவாய் தீவின் அன்னாசித் தோட்டங்களில் தொடங்கியது அந்தக் காலம். திரவத்தை மண்ணுக்குள் செலுத்தினால் ஆவியாகி மண்துளைகள் வழியே பரவி, எதிர்ப்படும் உயிர் எல்லாவற்றையும் கொல்லும். அவற்றில் டிபிசிபி என்ற ஒன்றைத் தயாரித்த கலிபோர்னியத் தொழிற்சாலையில், 1977-இல், ஆண்கள் பலருக்குக் குழந்தைப்பேறு இல்லாமல் போனது தெரியவந்தது. மெத்தில் புரோமைடு என்ற இன்னொன்று ஓசோன் படலத்தை அரிப்பதால், மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின்படி, ஒரு சில விலக்குகளைத் தவிர வளர்ந்த நாடுகளில் 2005-இல் நிறுத்தப்பட்டது. இவற்றை வரிசையாகச் சொல்லி உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமில்லை. ஒவ்வொன்றும் வந்த காலத்தில் ‘இதுதான் தீர்வு’ என்று கொண்டாடப்பட்டது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

உருளைக்கிழங்கோடு நேரடித் தொடர்புள்ள ஒரு நிகழ்வை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்ட் என்ற நீண்ட தீவு இருக்கிறது. அங்கே 1941-இல் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. 1975 முதல் அங்குள்ள கிழங்கு வயல்களில் ஆல்டிகார்ப் என்ற குருணையைப் பயன்படுத்தினார்கள். கிழங்கு வண்டு முக்கிய இலக்கு, நூற்புழு இரண்டாவது. கார்போஃபியூரானைப் போல இதுவும் கார்பமேட்தான், ஆனால் அதைவிடக் கடுமையானது. மண்ணில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்று நம்பினார்கள். அந்தத் தீவின் மண்ணோ மணற்பாங்கானது. மக்கள் குடிப்பது அந்த மணலுக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீரை. 1979-இல் கிணறுகளைச் சோதித்தபோது தண்ணீரில் ஆல்டிகார்ப் இருந்தது. ஒரு லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்ற மாநில வரம்பை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகள் தாண்டியிருந்தன. 7 மைக்ரோகிராம் என்றால் என்ன? ஒரே ஒரு கிராம் நஞ்சு ஏறத்தாழ 1,40,000 லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். மேல்மண்ணில் வேகமாகச் சிதையும் பொருள், குளிர்ந்த, அமிலத்தன்மையுள்ள நிலத்தடி நீரில் மெதுவாகத்தான் சிதைந்தது. ஆய்வுக்கூடத்துக் குடுவையில் பார்த்தது வேறு, நிலத்தில் நடந்தது வேறு. நஞ்சின் விற்பனை அங்கே 1980-இல் நிறுத்தப்பட்டது. வீடுகளில் கரி வடிகட்டிகள் பொருத்த வேண்டியதாயிற்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, ‘அப்படியானால் எல்லா இரசாயனத்தையும் தடை செய்வோம்’ என்று ஒரு சுவரொட்டி வரைந்துகொண்டு வந்துவிடாதீர்கள். அதுவும் ‘குனா ராச்சுன்’ போலவே யோசிக்காமல் எழுதிய விடைதான். கடன் வாங்கி விதைக்கிழங்கு வாங்கியிருக்கும் ஒரு சிறு விவசாயிக்கு இந்தப் போகம் விளைந்தாக வேண்டும். பத்து ஆண்டு கழித்து மண் எப்படி இருக்கும் என்று உபதேசம் செய்யும் உரிமை, சிற்றுண்டிச்சாலையில் கறிபாப் வாங்கி உள்ளே இருக்கும் கிழங்கைச் சுவைக்கும் நமக்கு அவ்வளவாகக் கிடையாது. நாம் தின்னும் உருளைக்கிழங்கில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதன் மண்ணை யாரோ சுமக்கிறார்கள்.

இரசாயனத்தை நல்லபடி பயன்படுத்துவதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. விதைக்கிழங்கின் தோலில் ஒட்டியிருக்கும் முட்டைக்கூடுகளை அழிக்க, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் கிழங்கை ஊறவைத்துக் கழுவும் முறை இருக்கிறது. உங்கள் வீட்டில் குளியலறை கழுவும் வெளுப்புத் திரவத்தில் இருக்கும் அதே பொருள். 2,000 டன் மண்ணுக்குப் போகாமல், தொட்டிக்குள் இருக்கும் கிழங்கோடு வேலை முடிந்துவிடுகிறது. புதிய நிலத்துக்குப் புழு போவதையும் தடுக்கிறது. 2018-இல் இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் ஆகிய வட இந்திய மலைப்பகுதிகளில் இந்தப் புழு இருப்பது தெரிந்து, அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போக இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. விதையோடுதான் புழு பயணம் செய்கிறது என்பதால் அந்த முடிவு.

மற்ற வழிகள் மெதுவானவை. உருளைக்கிழங்கே இல்லாத நிலத்தில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு முட்டைகள் தாமாகவே பொரித்து, உணவின்றிச் சாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 என்பது 67, 44, 30, 20, 13, பிறகு 9. ஆறு ஆண்டுகள் ஆகும். நீலகிரியில் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு, பீன்ஸ் எல்லாம் விளைகின்றன. இந்தப் புழுவுக்கு அவை உணவாகாது. தக்காளியும் கத்தரியும் மட்டும் உருளைக்கிழங்கின் சொந்தக்காரர்கள் என்பதால் அவை உதவாது.

எதிர்ப்புச் சக்தியுள்ள கிழங்கு வகைகளும் உண்டு. நீலகிரிக்காகவே 1985-இல் வெளியிடப்பட்ட ‘குப்ரி சுவர்ணா’ அப்படிப்பட்டது. இவ்வகைக் கிழங்கின் வேர் வழக்கம்போல மணத்தைக் கசியவிடும், முட்டை பொரியும், புழு உள்ளே வரும். ஆனால் புழு குத்திய இடத்துச் செல்கள் செத்துவிடும். உணவு ஊட்ட ஆளில்லாமல் பெண்புழு உருவாக முடியாது. வீட்டுக்கு அழைத்துப் பட்டினி போடுவது என்று என் மாணவன் ஒருவன் சொன்னான். சரியான விளக்கம்! இதிலும் எச்சரிக்கை தேவை. இங்கிலாந்தில் 1966-இல் வந்த ‘மாரிஸ் பைப்பர்’ என்ற கிழங்கு தங்க நூற்புழுவை எதிர்த்து நின்றது. அதையே ஆண்டுதோறும் பயிரிட்டார்கள். தங்க நூற்புழு குறைந்தது, அந்தக் கிழங்குக்கு அஞ்சாத வெளிறிய நிற நூற்புழு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நீலகிரியில் இரண்டு இனங்களுமே இருக்கின்றன.

அப்படியானால் எதை, எப்போது செய்வது? இதற்கு விடை சொல்ல ஓர் எண் வேண்டும். நிலத்தில் ஒரு கிராம் மண்ணுக்கு எத்தனை முட்டைகள்? 2 முட்டைகள் இருக்கும் நிலத்துக்கும் 80 முட்டைகள் இருக்கும் நிலத்துக்கும் ஒரே குருணை, ஒரே அளவு என்பது எப்படி அறிவியலாகும்? எண்ணும் முறை எளிது. நிலத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பல இடங்களில் மண் எடுத்து, உலர்த்தி, தண்ணீரில் கலக்கினால், உலர்ந்த முட்டைக்கூடுகள் மிதந்து மேலே வரும். வடிகட்டி, நுண்நோக்கியில் எண்ணி, கூட்டை உடைத்து உள்ளே உயிருள்ள முட்டைகள் எத்தனை என்று பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் கேரட்டோடு சில போகம் காத்திருக்கலாம். நடுத்தரமாக இருந்தால் எதிர்ப்பு வகைக் கிழங்கு. மிக அதிகமாக இருக்கும் திட்டுகளில் மட்டும், வேறு வழியில்லாதபோது, பயிற்சி பெற்றவர் கையால், பாதுகாப்பு உடையோடு நஞ்சு. என் கருத்து இதுதான். எண்ணாமல் போடும் நஞ்சுக்குத் தேர்வில் புள்ளி கொடுக்கக் கூடாது.

நம் பள்ளிகளிலும் இதில் ஒரு பகுதியைச் செய்து பார்க்கலாம். பள்ளித் தோட்டத்திலிருந்து இரண்டு கரண்டி மண் எடுத்து, மெல்லிய துணியில் பொதிந்து, அடியில் இரப்பர் குழாயும் கவ்வியும் மாட்டிய புனலில் தண்ணீர் நிரப்பி அதில் படும்படி வைத்தோம். மறுநாள் கவ்வியைத் திறந்து சில துளிகளை நுண்நோக்கியில் வைத்தால், கண்ணாடி நூல்கள் போலப் பல நெளிந்துகொண்டிருந்தன. “டீச்சர், இவ்வளவும் கெட்ட புழுவா?” என்று ஒரு மாணவி பதறிவிட்டாள். இல்லை. மண்ணில் இருக்கும் நூற்புழுக்களில் பெரும்பாலானவை பயிரைத் தொடுவதில்லை. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று, பயிருக்கு வேண்டிய சத்துகளை மண்ணில் விடுவிக்கின்றன. புகைநஞ்சுக்கு இவையும் ஒன்று, அவையும் ஒன்று.

அதே மாணவி அடுத்த நாள் வந்து இன்னொரு கேள்வி கேட்டாள். “எண்ணுவதற்கும் காசு ஆகுமே டீச்சர், அதை யார் கொடுப்பது?” எந்த விடைத்திட்டத்திலும் இல்லாத கேள்வி. விவசாயியிடம் கேட்கக் கூடாது என்பது என் பதில். எந்த நாடாக இருந்தாலும், பூச்சிக்கொல்லிக்கு மானியம் கொடுக்கும் அரசு அதில் ஒரு பகுதியை மண் சோதனைக்கூடத்துக்கும் சுத்தமான விதைக்கிழங்குக்கும் திருப்ப வேண்டும். கிணற்றுக்கு வடிகட்டி மாட்டும் செலவோடு ஒப்பிட்டால் நுண்நோக்கியின் விலை ஒன்றுமே இல்லை. அவள் அதைக் கேட்டுவிட்டு, புனலையும் இரப்பர் குழாயையும் வார இறுதிக்கு இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் அவள் தாத்தா போட்டிருக்கும் மிளகாய்ப் பாத்தியின் மண்ணை எண்ணப் போகிறாளாம்.